காசு இறுக்கமான நாட்களில் நீங்கள் போன பயணங்களைச் சொல்லுங்கள்

என் சம்பளம் பாதியாகக் குறைந்த மாதத்தில் வீட்டில் முதலில் வெட்டியது ஊர் சுற்றுவதைத்தான். வாடகையைக் குறைக்க முடியாது, பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. பயணம்தானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மூன்று மாதம் போவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தொட்டதற்கெல்லாம் கோபம் வர ஆரம்பித்தது. பணத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருநாள் மகள், "அப்பா, இனிமே நாம எங்கயுமே போக மாட்டோமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அது டிசம்பர் மாதம். 13, 14 தேதி இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும் என்று படித்திருந்தேன். வெளிச்சம் எட்டாத ஒரு இடம் வேண்டும், நிலா தொந்தரவு செய்யக்கூடாது. வேறு எதுவும் வேண்டாம். அந்த வருடம் நிலா சீக்கிரமே மறைந்துவிட்டது. ஊருக்கு வெளியே நண்பர் ஒருவருக்கு நிலம் இருந்தது, அவரிடம் கேட்டுக்கொண்டு கடைசிப் பேருந்தில் போனோம். விடியற்காலை முதல் பேருந்தில் திரும்புவதாகத் திட்டம். இரண்டு போர்வை, ஒரு தரைவிரிப்பு, வீட்டில் கட்டிய சாப்பாடு. கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது கைபேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது.

முதல் அரைமணி நேரம் ஒன்றுமே வரவில்லை. மகளுக்குக் குளிர், எனக்கு இவளை ஏமாற்றிவிட்டோமோ என்ற பயம். அப்புறம் தலைக்கு மேலே ஒரு கோடு, மெதுவாக, முழுசாகக் கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில் போய் அணைந்தது. அவள் கத்தவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். இருட்டில் எழுத முடியாது என்பதால் ஒவ்வொரு எரிகல்லுக்கும் ஒரு கூழாங்கல்லை சாப்பாட்டு டப்பாவின் மூடியில் போடுவது என்று அவளே முடிவு செய்தாள். "டங்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, பிறகு இரண்டு மூன்று சத்தம் சேர்ந்தாற்போல. விடிந்ததும் எண்ணினோம், 31 கல் இருந்தது. எல்லாம் கூடிவந்தால் மணிக்கு 120 வரை தெரியும் என்கிறார்கள். எங்களுக்கு 31 போதும்.

பெரும்பாலான எரிகல் பொழிவுகளுக்கு வால்மீன்கள் விட்டுப்போன தூசிதான் காரணம். இதற்கோ ஃபேத்தான் என்ற சிறுகோள், அதையே 1983இல்தான் கண்டுபிடித்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் இதைச் சொன்னதும் மகள் கேட்ட கேள்விகள் ஒரு வாரத்துக்கு ஓடின. வீட்டில் பேச்சு மாறியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நெருக்கடியில் முதலில் வெட்டுவது இதுவாக இருக்கக்கூடாது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நீங்கள் எங்கே போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

* * *

கூழாங்கல் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நானும் அக்காவும் வேலைக்குப் போகிறவர்கள். விடுமுறை கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் "ஐந்திலிருந்து ஒன்பது" முறைக்கு வந்தோம். சைக்கிளில் உலகம் சுற்றிய அலஸ்டர் ஹம்ப்ரீஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். அலுவலகம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நம்மைப் பிடித்துவைக்கிறது, சரி. மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை பதினாறு மணி நேரம் நம்முடையதுதானே, அதற்குள் ஒரு குன்றில் ஏறிவிட்டுத் திரும்பலாமே என்பதுதான் யோசனை. அவர் குன்றிலேயே தூங்கிவிட்டு வரச் சொல்வார். நாங்கள் தூங்கவில்லை. இரண்டு பெண்கள், அனுமதி இல்லாத இடம், எங்களுக்கு அது சரிப்படாது. யார் என்ன சொன்னாலும் இந்த விஷயத்தில் உங்கள் உள்ளுணர்வைக் கேளுங்கள்.

நாங்கள் விடிவதற்கு முன்னால் ஏறுகிறோம். மலையேறிகளிடம் நெய்ஸ்மித் கணக்கு என்று ஒன்று உண்டு, 1892இல் சொன்னது. ஒவ்வொரு 5 கிலோமீட்டர் நடைக்கும் ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் குன்று 300 மீட்டர், பாதை இரண்டரை கிலோமீட்டர். ஆக ஒரு மணி நேரம். சூரியன் எழுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் உச்சியில் இருப்போம். இது நல்ல உடல்நிலையில் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மேலே போனபோது கீழே முழுக்க மூடுபனி. ஊரே இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா அந்த வருடம் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்பது மணிக்கு இருக்கையில் இருந்தேன். காலணியில் இருந்த மண்ணைத் தவிர எந்த அடையாளமும் இல்லை.

* * *

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலையில் நின்றுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடல் மட்டம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் வழக்கத்தைவிட அதிகம் ஏறும், அதேபோல அதிகம் வடியும். அப்படி வடிந்திருக்கும்போது, எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைகள் வெளியே வரும். அவற்றின் குழிகளில் தேங்கிய தண்ணீரில் ஒரு உலகமே இருக்கும்.

வேலை இல்லாமல் இருந்த ஆறு மாதமும் நான் மாதம் இரண்டு முறை போனேன். ஒரு குழியின் ஓரத்தில் குந்தியிருந்தபோது காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்று தன் சங்கைவிடக் கொஞ்சம் பெரிய காலிச் சங்கு ஒன்றைக் கண்டுபிடித்தது. முதலில் கால்களால் வெளிப்பக்கம் முழுக்கத் தடவியது. பிறகு கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. புரட்டியது, விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஒரே நொடியில் மென்மையான அந்தச் சுருண்ட பின்பக்கத்தைப் பழைய சங்கிலிருந்து உருவிப் புதியதில் நுழைத்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலிச் சங்குகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவதை அன்றோடு நிறுத்தினேன். இன்னொன்று: ஓதம் முழுசாக வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் முன்னாலிருந்துதான் வரும் என்பதில்லை, முதுகுப் பக்கத்துப் பள்ளத்திலும் புகுந்துவிடும்.

* * *

எங்கும் போக முடியாதவர்களுக்கும் இங்கே இடம் உண்டா? என் அம்மா படுக்கையில் இருக்கிறார், அவரை விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர முடியாது. நான் ஜன்னலில் பறவை பார்க்கிறேன். பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1998இல் தொடங்கியது. 15 நிமிடம் ஒரே இடத்தில் இருந்து பார்த்ததை எழுதினால்கூட எடுத்துக்கொள்வார்கள். குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் என்ற செயலி இலவசம். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அவர் கேட்டுச் சொல்வார், நான் தேடிப் பார்ப்பேன். போன வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து 11 வகை அனுப்பினோம்.

* * *

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பதிவைப் படித்த பிறகு என்னுடையதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கடன் அட்டையில் பயணம் போனவன். வேலை போகும் என்று தெரிந்தும், போவதற்கு முன்னால் ஒருமுறை நன்றாக அனுபவித்துவிடலாம் என்று ஐந்து நாள் சுற்றுலா போனேன். தவணையை இரண்டு வருடம் கட்டினேன். அந்த ஐந்து நாளில் எந்த நாளும் இப்போது தெளிவாக நினைவில் இல்லை, தவணைத் தேதி மட்டும் நினைவிருக்கிறது. கடன் வாங்கிப் போகாதீர்கள், தயவுசெய்து.

அதற்குப் பிறகு வேறு மாதிரி போக ஆரம்பித்தேன். இரவுப் பேருந்து, இரவு ரயில்: ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். வாரக் கடைசியை விட்டுவிட்டுச் செவ்வாய், புதன் கிழமைகளில் கிளம்புவது. அறைக்குப் பதில் விடுதியில் ஒரு படுக்கை. இந்த விடுதிகள் வந்த கதையே எனக்குப் பிடிக்கும். 1909இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் மாணவர்களோடு நடைபயணம் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இரவைக் கழிக்க முடிந்தது. விடுமுறையில் பள்ளிகள் சும்மாதானே கிடக்கின்றன, நடந்து வரும் பிள்ளைகள் தங்கட்டுமே என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் நிலையான இளைஞர் விடுதி வந்துவிட்டது.

பண்ணையில் வேலை செய்து தங்கும் முறையிலும் ஒரு மாதம் இருந்தேன். 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் மாதிரியான ஏற்பாடு: நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஆனால் இதை ஓய்வு என்று நினைத்துப் போகாதீர்கள். நான் முதலில் போன இடத்தில் எட்டு மணி நேரம் வேலை வாங்கினார்கள், மூன்றாம் நாளே கிளம்பிவிட்டேன். எத்தனை மணி நேரம், என்ன வேலை, எங்கே படுக்கை, மூன்றையும் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பிவரும் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள். இரண்டாவது பண்ணையில் ஒரு பாட்டி எனக்கு நாற்று நடக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலால் மண்ணை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினார். அந்த அழுத்தம் இன்னும் விரலில் இருக்கிறது.

* * *

புதையல் தேடுவதை யாரும் சொல்லவில்லையே! 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. சாதாரணக் கருவியிலும் இடம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது. அடுத்த நாளே ஒருவர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். அப்படித் தொடங்கியதுதான் ஜியோகேஷிங். இப்போது உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. கைபேசி இருந்தால் போதும். டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

தினமும் நான் கடந்துபோகும் பாலத்துக்குக் கீழேயே ஒன்று இருந்தது. இருபது நிமிடம் தேடினேன். பக்கத்தில் ஒரு பெரியவர் எதையோ தொலைத்தவர் மாதிரி கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். உதவலாம் என்று, "என்னங்க ஐயா தேடுறீங்க?" என்று கேட்டேன். அவர் என் கைபேசியைப் பார்த்தார், நான் அவர் கைபேசியைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வரைபடம். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார், காந்தத்தால் இரும்புச் சட்டத்தின் அடியில் ஒட்டியிருந்த விரல் அளவு குப்பி. நோட்டில் என்னை முதலில் எழுதச் சொன்னார். மனைவி இறந்த பிறகு வீட்டில் உட்கார முடியாமல் இதை ஆரம்பித்ததாகச் சொன்னார். இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகிறோம்.

* * *

இந்தத் தலைப்பைத் தொடங்கியவன் மறுபடியும் எழுதுகிறேன். ஜன்னல் பறவைகளைப் படித்துவிட்டு மகளிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பாட்டிக்கும் தெரியுற மாதிரி வானத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கண் சரியாகத் தெரியாதவர் என்றேன். அவள் விடவில்லை, நல்ல வெளிச்சமாக இருந்தால் தெரியலாமே என்றாள்.

அதனால் இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் சில நாட்களில் நம் தலைக்கு மேல் போகும். நட்சத்திரங்களைவிடப் பளிச்சென்று, சிமிட்டாமல், ஒரே சீராக நகரும். வெளிச்சமான நகரத்திலும் தெரியும். உங்கள் பகுதியில் எப்போது, எந்தத் திசையில் என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி இலவசமாகச் சொல்லிவிடும். நீங்கள் அம்மாவை விட்டு எங்கும் போக வேண்டாம், ஜன்னல் திசையில் வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நேற்று மாலை நாங்கள் பார்த்தோம். மகள் மாடிப்படியில் நின்று அக்கம்பக்கத்து வீடுகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டாள். ஒன்பது பேர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். நான்கு நிமிடம். நடுவானத்தைத் தாண்டியதும் பூமியின் நிழலுக்குள் போய்ச் சட்டென்று மங்கி மறைந்தது. யாரும் உடனே கீழே இறங்கவில்லை. எதிர்வீட்டு அம்மா, "உள்ள ஆளுங்க இருக்காங்களா?" என்று மகளிடம் கேட்டார். அவள் விளக்க ஆரம்பித்தாள்.