சிவகாமியின் சபதம்: படித்ததை எப்படிக் குறித்து வைப்பது, விமர்சனம் எப்படி எழுதுவது?

பேட்டை வாசகி:
படிக்கிற புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி, அவ்வளவுதான். இந்த வாரம் கல்கியின் சிவகாமியின் சபதம் முடித்தேன், இன்னும் அதிலேயே கிடக்கிறது மனசு. எங்கள் தெரு வாசகர் வட்டத்தில் விமர்சனம் எழுதித் தரச் சொல்கிறார்கள். பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நாலு பாகம் இருக்கிறதே, நோட்டில் ஒன்றாக எழுதுவதா நாலாக எழுதுவதா? அப்புறம், விமர்சனத்தில் நடனக்காரி சிவகாமி, பல்லவ இளவரசர் மாமல்லர் காதலைப் பேசுவதா, சாளுக்கியத் தலைநகரான வாதாபி மேல் நடந்த போரைப் பேசுவதா? இரண்டையும் தொட்டால் நீண்டுகொண்டே போகிறது.

பாளையங்கோட்டை அண்ணாச்சி:
நாலாகவே எழுதுங்கம்மா. ஒவ்வொரு பாகம் முடியும்போதும் நாம் வேறு ஆளாக நிற்போம். முதல் பாகத்தில் அஜந்தா வர்ண இரகசியத்துக்காக சிவகாமியின் அப்பா, சிற்பி ஆயனர் தவிக்கிறதைப் பார்த்தால் பாசம் வரும், போகப்போக அந்தத் தவிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவர் மேலேயே கோபம் வரும். அவ்வப்போது நாலு வரி எழுதி வைத்தால்தான் அது தெரியும், முழுசும் முடித்துவிட்டு உட்கார்ந்தால் கடைசிப் பாகத்துத் துக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். 1944-ல் தொடங்கி கல்கி இதழில் தொடராக வந்த கதை இது, அத்தியாயம் முடிகிற இடத்திலெல்லாம் நம்மை அடுத்ததற்கு இழுப்பது அதனால்தான். எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள். 1999-ல் கல்கி எழுத்து நாட்டுடைமை ஆன பிறகு பல பதிப்பகங்கள் போட்டுவிட்டன, பக்க எண் ஒத்துவராது. அத்தியாயத் தலைப்பை எழுதினால் யாரும் தேடிப் பிடிக்கலாம்.

தென்காசி டீச்சர்:
காதலையும் போரையும் பிரிக்க முடியாது. மாமல்லரே வாதாபிக்கு வந்து கூப்பிட்டும், இந்த நகரம் எரிந்த பிறகுதான் வருவேன் என்று அங்கே சிறைப்பட்டிருக்கிற சிவகாமி மறுக்கிறாளே, அந்த இடத்தில் காதல் போராகவே ஆகிவிடுகிறது. விமர்சனத்தை அங்கே தொடங்குங்கள். எனக்கு அந்தச் சபதத்தில் வீரத்தைவிட அவள் தன்னையே வதைத்துக்கொள்வதுதான் தெரிந்தது. வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். பல்லவ மன்னர் மகேந்திரவர்மர், அவர் மகன் நரசிம்மவர்மர் என்கிற மாமல்லர், சாளுக்கிய மன்னர் புலிகேசி எல்லாம் நிஜம், 642 வாக்கில் பல்லவப் படை வாதாபியைப் பிடித்ததற்கு அங்கேயே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. பல்லவத் தளபதி பரஞ்சோதிதான் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர். சிவகாமியும் ஆயனரும் நாகநந்தி பிக்ஷுவும் கற்பனை. நாகநந்தி யார் என்பதை மட்டும் தயவுசெய்து போட்டு உடைத்துவிடாதீர்கள்.

மேலப்பாளையம் தம்பி:
அக்கா, நாலாம் பாகத்தில் வருகிற நெடுமாற பாண்டியனை விட்டுவிடாதீங்க. சுந்தரர் ‘நெல்வேலி வென்ற’ என்று பாடியது அந்த நெடுமாறனைத்தான். நம்ம ஊர் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவாங்க. கணக்குக்கு நான் போனில் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன், தொடங்கிய தேதி, முடித்த தேதி, நூலகமா சொந்தமா, யாரிடம் இரவல் போனது, எல்லாம் அதில் இருக்கு. நட்சத்திரம் போடுவதில்லை, மறுபடி படிப்பேனா என்று மட்டும் ஒரு கட்டம்.

பேட்டை வாசகி:
சரி அண்ணாச்சி, நாலு பக்கம் ஒதுக்கிவிட்டேன். தம்பி, இரவல் கட்டம் எனக்கும் வேண்டும். டீச்சர், வதை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிறைப்பட்டு, தெருவில் ஆடவைக்கப்பட்ட ஒருத்தி, யாரோ வந்து தூக்கிப்போனால் போதும் என்று நினைக்காமல் எனக்கு நியாயம் வேண்டும் என்று கேட்கிறாள். விமர்சனத்தில் நான் எழுதப்போவது அதைத்தான். முடித்ததும் இங்கே போடுகிறேன், சண்டைக்கு வாங்க.