பத்திரத்தில் ஒரு 'பாரியாள்'

பட்டா மாற்றத்துக்காக 1958-ல் எழுதிய கிரயப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். தாத்தா பெயர், அடுத்து 'பாரியாள்', அதற்கப்புறம் பாட்டி பெயர். மனு எழுதிய என் மகன் அதையும் பெயரோடு சேர்த்து 'பாரியாள் மீனாட்சி' என்று எழுதிவிட்டான். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பெயர் பொருந்தவில்லை என்று மூன்று வாரம் கழித்து மனு திரும்பி வந்தது.

மனைவியைக் குறிக்கும் வடமொழி 'பார்யா'தான் பத்திர எழுத்தர் கையில் பாரியாள் ஆகியிருக்கிறது. தாங்கப்பட வேண்டியவள் என்று பொருளாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வீட்டை வாங்கியதே பாட்டி பால் விற்றுச் சேர்த்த காசில். உங்கள் வீட்டுப் பத்திரங்களில் என்ன எழுதியிருக்கிறது?

* * *

எங்கள் வீட்டில் பத்திரம் எதுவும் இல்லை, அத்தைதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட வந்திருக்கிறது யாரு பாட்டி?" என்று கேட்க, "என் ஆம்படையான்" என்றார். "அது எந்த ஊரு?" என்றது அந்தப் பெண்.

கணவனைக் குறிக்கும் அகமுடையான்தான் பேச்சில் ஆம்படையான் ஆனது. அகம் என்றால் வீடு. அகத்துக்காரர் ஆத்துக்காரர் ஆனாரே, அதே கதை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மனைவியை அகமுடையாள் என்று குறித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, இதில் இருவருமே வீட்டை உடையவர்கள். இல்லாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்பாலைத் தேடினால் 'இல்லான்' வருகிறான், அவனோ ஒன்றும் இல்லாதவன்!

* * *

நான் மதுரை. கூட வேலை பார்த்த யாழ்ப்பாண நண்பர் எதற்கெடுத்தாலும் "மனுசியிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்பார். வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் இவ்வளவு பயமா என்று பல மாதம் பரிதாபப்பட்டேன். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார். கதவைத் திறந்தவரைக் காட்டி, "இதுதான் என்ர மனுசி" என்றார். ஊரில் நாங்கள் 'எங்க வீட்ல' என்று ஆளைச் சொல்லாமல் வீட்டைச் சொல்கிறோம், அதைவிட இது தேவலை.

* * *

முதலில் எழுதியவன்தான். நேற்று புது மனு கொடுத்தேன். கவனமாக 'மனைவி' என்றே போட்டிருந்தேன். மேசையில் இருந்த பெரியவர் பத்திரத்தையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்திரத்துல பாரியாள்னு இருக்கே சார், அதையே எழுதிக் கொண்டாங்க" என்றார்.