தமிழ் முரசின் பழைய இதழ்களில் தேடத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசைப் பற்றி ஒப்படைப்பு செய்கிறாள். கோ. சாரங்கபாணி அதைத் தொடங்கியது 1935இல். அவள் பார்த்த ஒரு தளத்திலோ 1953 என்று இருக்கிறது. எழுதியவர் பெயர்கூட இல்லை. அதையே இன்னும் இரண்டு தளங்கள் எழுத்துப்பிழையோடு அப்படியே போட்டிருக்கின்றன. “மூணு இடத்துல இருக்கேம்மா” என்கிறாள். மூன்றும் ஒரே ஆளின் பேச்சுதான் என்று அந்தப் பிழையைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

சரி, மூலத்தையே பார்க்கலாம் என்று தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களைத் தொகுத்து வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போனோம். தமிழில் தட்டினால் வேண்டியது கிடைக்கவில்லை. தேதி வாரியாகத்தான் புரட்ட வேண்டுமா? அல்லது விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் நூலகத்துக்கே அழைத்துப் போகட்டுமா? ஜூன் விடுமுறை முடிந்ததும் கொடுக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.