எலுமிச்சை எப்போது, நார்த்தங்காய் எப்போது: உங்கள் ஊரில் எப்படி?

தோட்டக்காரர் மகன், புளியங்குடி பக்கம்

2022 ஏப்ரலில் எலுமிச்சம்பழம் ஒன்று 10 ரூபாய்க்கு மேல் போனது நினைவிருக்கும். "உங்களுக்கென்னப்பா, தோட்டமே இருக்கு, அள்ளியிருப்பீங்க" என்று அப்போது என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. எங்களிடம் 60 மரம் இருந்தது. அந்தச் சித்திரையில் ஒரு சாக்குப் பழம்கூடத் தேறவில்லை.

எங்கள் பக்கம் எலுமிச்சை வருஷத்தில் மூன்று தடவை பூக்கும். தை, மாசியில் பூப்பதுதான் பெரிய பூ. அது ஆனி, ஆடியில் பழமாகிக் கொட்டும். ஆனி மாதம் வரும் பூ மார்கழிப் பழம். புரட்டாசியில் பூப்பது கொஞ்சம்தான், ஆனால் பங்குனி, சித்திரை வெயிலுக்கு வந்து சேர்வது அதுதான், காசும் அதில்தான். 2021 புரட்டாசியில் நன்றாகவே பூத்தது. அப்புறம் நவம்பரில் விடாத மழை. பிஞ்செல்லாம் மிளகு அளவிலேயே உதிர்ந்து, மரத்தடியில் நடந்தால் செருப்புக்கடியில் நறநறவென்றது. அப்பா ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்தார். "வாசம் வந்துட்டுடா" என்று மட்டும் சொன்னார்.

ஆடியில் கதை தலைகீழ். கமிஷன் கடையில் சொல்லும் விலை பொறுக்குகிற கூலிக்கே காணாது. ஒரு வருஷம் மூன்று மூட்டை கொண்டுபோய், வண்டி வாடகை போக 40 ரூபாயோடு திரும்பினோம். அந்த 40க்கும் டீயும் வடையும் ஆயிற்று. இத்தனைக்கும் எங்கள் ஊர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடெல்லாம் இருக்கிறது!

உங்கள் பக்கம் எது, எப்போது வருகிறது? சொல்லுங்கள்.

மதுரை அக்கா

தம்பி, நீங்கள் ஆடியில் கொட்டுகிறது என்று சொல்வதை நாங்கள் ஆனியிலேயே பிடித்துவிடுவோம். ஆடி வெள்ளி வந்தால் அம்மன் மாலைக்கென்று நல்ல பழமெல்லாம் கோயில் வாசலுக்குப் போய்விடும். ஊறுகாய்க்கு நமக்கு மிச்சம் சொறி விழுந்த பழம்தான்.

நார்த்தங்காய் விஷயத்தில் நான் ஒரு பாடுபட்டேன். மாமியார் வீட்டுக் கொல்லை மரம் கார்த்திகையிலேயே காய்த்துத் தொங்கியது. "தை கழியட்டும்" என்றார்கள் அத்தை. நான் கேட்கவில்லை, 12 காய் பறித்துவிட்டேன். காயை அடியோடு துண்டு போடக்கூடாது. கத்தியைச் சுற்றிக்கொண்டே போய், விரித்தால் ஒரே சுருளாக நீள வேண்டும். சுருளுக்குள் கல்லுப்பை அடைத்துப் பழையபடி மூடி ஜாடியில் அடுக்க வேண்டும். மூன்று நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே தண்ணீருக்குள். தண்ணீர் முழுவதையும் காயே குடித்து, மேலே உப்புப் பூத்து வரும்வரை இதேதான். கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? ஐந்தாம் நாள் ஜாடியைத் திறந்தால் பூஞ்சை, பூனைக்குட்டி முதுகு மாதிரி. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை; அதுதான் தாங்கவில்லை. மாசியில் அவரே மிச்சக் காயைப் பறித்துப் போட்டார். அந்த ஜாடி நான்கு வருஷம் வந்தது. காய்ச்சலில் வாய் கசந்தால் கஞ்சிக்கு அதில் ஒரு துண்டு போதும்.

ஜூஸ் கடை, சென்னை

சாத்துக்குடி எங்களுக்கு ஆந்திரா, தெலங்கானா சரக்கு. ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை லாரி லாரியாக வரும், விலையும் இறங்கும். ஆனால் அது மழைக்காலம், ஜூஸ் குடிக்க ஆள் வராது. மார்ச்சுக்கு மேல் வருவது சின்ன காய்ப்பு. அப்போதுதான் கடை முன்னால் கூட்டம் நிற்கும், அப்போதுதான் விலையும் ஏறும். "போன மாசம் 40தானே" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வது.

நாக்பூர் ஆரஞ்சு நவம்பர், டிசம்பரில் ஒன்று, பிப்ரவரி, மார்ச்சில் ஒன்று. இரண்டாவதுதான் இனிப்பு, பொறுத்திருந்து வாங்குங்கள். இன்னொன்று, சாத்துக்குடியில் மஞ்சளாகப் பொறுக்குவதை விடுங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும், தோல் மெல்லிசாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தாலும் சாறு அதில்தான்.

யாழ்ப்பாணத்தான், இப்போது கனடாவில்

கடைக்கார அண்ணை சொல்வது முழு உண்மை. இலங்கையில் பிபிலைத் தோடம்பழம் (நீங்கள் ஆரஞ்சு என்பது) தின்று வளர்ந்தவன் நான். தோல் பச்சை, உள்ளே தேன். இங்கே வந்த புதிதில் கடையில் பளபளவென்று செம்மஞ்சளாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, எல்லாம் சாயம் பூசியது என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். பிறகுதான் விளங்கியது, இரவில் நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலின் பச்சை கழன்று மஞ்சள் ஏறுமாம். எங்கள் ஊர் இரவில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? பழுத்தாலும் பச்சைதான். மனைவி இன்னும் அந்தச் சாயக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மாடித் தோட்டம், கோவை

தொட்டியில் ஒட்டு எலுமிச்சை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. தினமும் காலையும் மாலையும் தண்ணீர், மாதம் ஒருமுறை உரம். இலை தளதளவென்று இருக்கிறது. இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்ததைத் தட்டிவிடப் போனால் நகர்கிறது, புழு! பட்டாம்பூச்சி ஆகும் என்று மகள் தொடவிடவில்லை. அது தின்று போக மிச்ச இலை இருக்கிறது. பூதான் ஒன்றுகூட இல்லை.

தோட்டக்காரர் மகன், புளியங்குடி பக்கம்

மாடித் தோட்டக்காரரே, அந்தத் தினத் தண்ணீர்தான் வினை. குளிர் உள்ள ஊர்களில் குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்கிறது. மரத்தைக் கொஞ்சம் தவிக்கவிட்டால்தான் பூவெடுக்கும். தோட்டத்தில் மூன்று, நான்கு வாரம் பாய்ச்சலை நிறுத்துவோம். இலை சுருண்டு தொங்கும். வழியில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, மரத்தைக் கொல்லுதீரு" என்று அப்பாவைத் திட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு நாள் வயிறு நிறையத் தண்ணீர். கொஞ்ச நாளில் வாசலில் நின்றாலே பூ வாசம் அடிக்கும். தொட்டி மண் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் நீங்கள் வாரக்கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். இலை லேசாகச் சுருண்டதும் ஊற்றிவிடுங்கள்.

இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரே கொண்டாடும். அந்தச் சாரல் ஆவணியில் கொஞ்சம் வடக்கே தள்ளி எங்கள் தோட்டத்திலும் விழுந்துவிட்டால், காயப்போட்டது அத்தனையும் வீண்.

அப்பா நான்கு நாள் முன்னால் மோட்டாரை நிறுத்தினார். சாயங்காலமானால் கயிற்றுக் கட்டிலை மேற்கே பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இன்றைக்கு மலை மேல் மேகம் இருக்கிறது.