வீடிழந்த இளைஞர்களுடன் கூத்தும் குறும்படமும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து)

மண்சரிவில் லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) இழந்து தற்காலிகக் கூடாரங்களில் இருக்கும் பிள்ளைகளும், தோட்டத்தை விட்டு வந்து நகரத்துக் கடைகளில் வேலை செய்து இரவில் அங்கேயே படுத்துக்கொள்ளும் இளைஞர்களுமாக 14 பேர் ஞாயிறு மாலைகளில் எங்களிடம் வருகிறார்கள். வயது 16 முதல் 22 வரை. பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். முகவரி கேட்கும் படிவத்தைக் கண்டால் எழுந்து போய்விடுகிறார்கள். ஆடலும் குறும்படமும் அவர்களுக்குத் தன்னம்பிக்கை தரும் என்று எண்ணினோம். ஆனால் பண உதவிக்கு முன்வந்த ஒருவர், ஒவ்வொருவரும் கமெரா முன் தம் கதையைச் சொல்லும் ஆவணப்படமே வேண்டும் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1 (பொகவந்தலாவையிலிருந்து)

தங்கச்சி, என் தகப்பனார் எங்கள் தோட்டத்தில் கூத்து வாத்தியார். மாசியில் காமன் கூத்து நடக்கும். காமன் கம்பத்தை ஊன்றியதிலிருந்து மன்மதனை எரிக்கும் தகனம் வரையில், ரதியாகவும் மதனாகவும் (மன்மதனாகவும்) வேடம் கட்டியவர்கள் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர்களுக்காக ஒருவர் காத்து நிற்பார். தன் வாசல் எதுவென்று சொல்ல முடியாத பிள்ளைக்கு அந்த வரவேற்பு என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேடம் கட்டியவனிடம் யாரும் அவன் கதையைக் கேட்பதில்லை. அவன் மதனாக நிற்கிறான், அவன் அடி பிசகினால் ரதியின் அடியும் பிசகும் என்பதால் அவன் வந்தே ஆக வேண்டும்.

ஆட மறுப்பவர்களைத் தப்பு (பறை) காய்ச்சும் நெருப்பருகே உட்காரவையுங்கள். நம் குளிரில் தோல் தளர்ந்து ஓசை மங்கிவிடும். சூடு பார்த்துத் திருப்பிக் கொடுப்பவரின் கையை நம்பித்தான் ஆட்டமே இருக்கிறது. தப்பை யார் அடிப்பது என்பதில் சாதி பார்க்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதால், எல்லாரும் முறைவைத்து அடிக்கட்டும். எங்கள் காலத்தில் ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். உங்கள் பெண் பிள்ளைகள் விரும்பினால் அவர்களே கட்டட்டும்.

பதில் 2 (பண்டாரவளையிலிருந்து)

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில், மீன்பிடி நலிந்து மக்களை வேறிடத்துக்குப் பெயர்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், அந்நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம் தீவினரைப் படம்பிடித்தது. எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே கொண்டுபோனார்கள். அந்த வரிசைதான் முக்கியம்.

உங்கள் பிள்ளைகளின் கையிலேயே தொலைபேசியைக் கொடுங்கள். முதல் மாதம் முகமே வேண்டாம்: தேத்தண்ணி ஆற்றும் கை, மழையில் நனையும் கூடாரக் கயிறு, ரயில் வரும் நேரம். ஒவ்வொன்றும் பத்து விநாடி போதும். எதை வைப்பது, எதை அழிப்பது என்பதை எடுத்தவரே தீர்மானிக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் கையொப்பம் மட்டும் போதாது. பிள்ளையின் சம்மதமும் வேண்டும், பின்னர் மனம் மாறினால் காட்சியை நீக்கவும் வேண்டும். இணையத்தில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

பதில் 3 (கொஸ்லந்தையிலிருந்து)

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்தபின் முகாமில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஒலிவாங்கியை நீட்டியவர்கள் பலர், நான் எடுத்த படம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் பணத்தை மறுத்துவிடுங்கள், அக்கா. வராத இரண்டு பேரிடமும் நீங்களே நேரில் போய், ஆவணப்படம் இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர் வழியாகத்தான் போகிறது. வதிவிடத்தைக் காட்ட முடியாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். படிவத்தைக் கண்டு எழுந்து போவதற்குக் காரணம் கூச்சமாக மட்டும் இருக்காது. ஆட்டம் முடிந்தபின், விருப்பமுள்ளவர்களோடு அந்த அலுவலகத்துக்கும் சேர்ந்து போங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆவணப்படம் வேண்டாம் என்று அவருக்கு எழுதிவிட்டேன். நாளை மாலை அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்க்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களுக்கு இரண்டு தப்பு வேண்டும். பொகவந்தலாவை அண்ணன் ஒரு மாதத்துக்கு இரவல் தர முடியுமா?