லாயத்துக்கு எதற்குக் கடிகாரக் கோபுரம்?

பழைய செங்கல்:
இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் குதிரை லாயத்தைப் பற்றிப் பக்கத்துத் திரியில் ஒருவர், "குதிரைக்கு மணி பார்க்கத் தெரியுமா? கடிகாரம் வெறும் பணத்திமிர்" என்று எழுதியிருக்கிறார். எரிச்சல்தான் வருகிறது. நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் வடிவமைத்த லாயம் அது. 1758இல் வேலை தொடங்கியது. 80 குதிரைகள் நின்ற இடத்தில் தீவனம், தண்ணீர், உடம்பு தேய்ப்பது எல்லாம் நேரப்படி நடக்க வேண்டாமா?

மேகலா:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லத் தைரியம் இல்லையா? நேரத்துக்கு ஒரு மணி அடித்தால் போதாதா? வாசலுக்கு மேல் கோபுரம் எதற்கு?

பழைய செங்கல்:
முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம், ஒரு பக்கமே சுமார் 190 அடி. கீழே கொல்லன் பட்டறை உட்பட எல்லாம் உண்டு. மாடியில் தானியக் கிடங்கு, வேலையாட்களின் அறைகள். இத்தனை பேருக்கும் கடிகாரம் வேண்டும்.

மேகலா:
சரி, முற்றத்துக்குள் வேலை செய்பவனுக்குக் கடிகாரம் எந்தப் பக்கம் தெரிந்தது?

சும்மா சுந்தர்:
கடிகாரத்தை விடுங்கள். முகப்பில் கல்லில் செதுக்கிய இரண்டு மான்களுக்கு நிஜக் கொம்பு மாட்டியிருக்கிறார்களே!

மேகலா:
கொம்பும் நேரம் காட்டுமோ?

பழைய செங்கல்:
மான் அந்த டியூக் குடும்பத்தின் சின்னம். தெரியாமல் கேலி செய்ய வேண்டாம். கடிகாரம் வேலைக்காகத்தான். போன வருடம் செட்டிநாட்டுத் தூண் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் ஓடினீர்கள்.

மேகலா:
ஓடவில்லை. உங்கள் பிரசங்கம் சலித்துவிட்டது.

கல்தச்சன்:
பழைய கிரேக்கப் பாணியில் நாலு டோரிக் தூண், முக்கோண முகப்பு, உச்சியில் குவிமாடம். மேட்டில் வேறு கட்டியிருக்கிறார்கள். நாலு பேர் பார்க்கத்தான் கட்டினார்கள், அதிலென்ன வெட்கம்?

பழைய செங்கல்:
தூணைப் பற்றி யார் கேட்டார்கள்? பேச்சு கடிகாரத்தைப் பற்றி.

கல்தச்சன்:
நீங்கள் அனுமதித்ததைத்தான் பேச வேண்டுமா? திரி உங்கள் பேரில் பட்டாவா?

சும்மா சுந்தர்:
1939இல் கடைசிக் குதிரையும் போய்விட்டது. இப்போது அங்கே சாப்பாட்டுக் கடை. கடிகாரம் காபி நேரம் பார்க்க உதவும்.

பழைய செங்கல்:
"உதவும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மேகலா:
முற்றத்துக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய செங்கல்:
திரும்பவும் சொல்கிறேன், 80 குதிரைகள்...