பாக்கி வச்ச கம்பெனி என்சிஎல்டி (திவால் கேஸ் பாக்குற கம்பெனி கோர்ட்) போயிடுச்சு, க்ளெய்ம் (பாக்கியக் கேட்டு எழுதிக் குடுக்குறது) போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

அட்டைப்பெட்டி_சப்ளையர்:
நானே ஆரம்பிக்கிறேன். பெரிய கஸ்டமர் ஒருத்தர் மேல பேங்க் கேஸ் போட்டு என்சிஎல்டில அட்மிட் ஆயிடுச்சு, பர்ச்சேஸ் மேனேஜர் போனே எடுக்கல, பேப்பர்ல வந்த பப்ளிக் அனௌன்ஸ்மென்ட்டப் பாத்து ஃப்ரெண்டு ஒருத்தர் சொல்லித்தான் விஷயமே தெரியும். க்ளெய்ம் அனுப்ப 14 நாள் டைம். சரக்கு, சர்வீஸ் குடுத்த நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஃபார்ம் பி, பேங்குக்கு ஃபார்ம் சி.

ஃபார்ம்ல ஒண்ணும் இல்லங்க, ஆதாரம் திரட்டுறதுக்குள்ளதான் நாக்கு தள்ளிடும். இன்வாய்ஸ் மட்டும் போதாது, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), கேட்ல சீல் வாங்கின டெலிவரி சலான், லெட்ஜர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்டாங்க. எனக்குக் கை குடுத்தது அவங்க அக்கவுண்ட்ஸ் பையன் வருஷக் கடைசில மெயில்ல அனுப்பின பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்தான். வட்டி கேட்டிருந்தேன், பிஓல வட்டி பத்தி ஒரு வரிகூட இல்லன்னு வெட்டிட்டாங்க.

க்ளெய்ம் அட்மிட்னா உங்க பாக்கி உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க, அவ்ளோதான். கம்பெனிய யார் எடுத்துக்கறது, யாருக்கு எவ்ளோ குடுக்கறதுங்கற ப்ளானுக்கு ஓட்டு போடுறது சிஓசிங்கற கமிட்டி, அதுல பேங்க் மாதிரி கடன் குடுத்தவங்கதான், 66 சதவீதம் வந்தா பாஸ். நமக்கு ஓட்டு கிடையாது. ஐபிசி (திவால் சட்டம்) 53-வது பிரிவுல யாருக்கு முதல்ல பணம்னு வரிசை இருக்கு பாருங்க: கேஸ் நடக்கறப்ப ஆகுற செலவு, அப்புறம் தொழிலாளிங்களோட 24 மாச பாக்கியும் செக்யூரிட்டி வச்சிருக்குற பேங்கும் சமமா, அப்புறம் ஸ்டாஃப் சம்பளம், அடமானம் இல்லாம கடன் குடுத்தவங்க, கவர்மென்ட், அதுக்குக் கீழ நாம. நமக்கும் கீழ ஷேர்ஹோல்டர் மட்டும்தான். கம்பெனி சொத்த வித்து அந்த வரிசைல பிரிச்சா வர்றதுக்கு, ப்ளான்ல நமக்குக் குடுக்கறது கொறையக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா பல கேஸ்ல அந்தக் கணக்கே பூஜ்யம்தான். எனக்கு வந்தத வச்சு பிசினஸ் பார்ட்னருக்கு டீ வாங்கிக் குடுக்கலாம்.

இதுல ஒரு கூத்து, ஆர்பி, அதான் திவால் கேஸ் நடக்கறப்ப கம்பெனியப் பாத்துக்கப் போட்ட ஆளு, கம்பெனிய ஓட்டணும்ல, பெட்டி வேணும்னு திரும்ப எனக்கே போன். அந்தப் புது சப்ளை வரிசைல முதல் எடத்துல நிக்கிற செலவுக் கணக்கு. சோ பழைய பில்லுக்காகக் கோவிச்சுக்கிட்டு சரக்க நிறுத்தாதீங்க, புது பில்லத் தனியா போட்டு ஆர்பிகிட்ட எழுத்துல ஆர்டர் வாங்கிக்கோங்க, எனக்கு அது ஒழுங்கா வந்துச்சு.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
நான் அந்தப் பக்கம் சார், சம்பளம் வராத ஸ்டாஃப். எங்களுக்கு ஃபார்ம் டி. ஒர்க்மென்னா 24 மாச பாக்கி மேல நிக்கும், மத்த எம்ப்ளாயின்னா 12 மாசம், அதுவும் ஒரு படி கீழ. நான் பேருக்குத்தான் இன்சார்ஜ், செஞ்சதெல்லாம் மெஷின் வேலை, ஆனா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "சூப்பர்வைசர்"னு இருக்கவே எந்த லிஸ்ட்னு ஒரே இழுபறி. பிஎஃப், கிராஜுவிட்டி ஃபண்டுல இருக்குற பணம் இந்தப் பங்கு பிரிக்கிற சொத்துலயே வராது, அத மட்டும் யாரும் விட்டுடாதீங்க.

லேத்_பட்டறை_மருமகன்:
எங்க மாமாவுக்கு அந்த டீ காசுகூட வரல ப்ரோ. அவர் பேப்பர் பாக்குற ஆளே இல்ல, கம்பெனிலேர்ந்தும் ஒரு லெட்டர் வரல, ப்ளான் கோர்ட்ல பாஸான பிறகு போய் நின்னாரு. லேட்டா க்ளெய்ம் போட 90 நாள் வரைக்காவது டைம் இருக்கு, ஆனா ப்ளான் பாஸாயிட்டா அதுல இல்லாத பாக்கி செத்த பாக்கி, 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிடுச்சு. கம்பெனிய வாங்கின புது முதலாளிகிட்ட கேக்கவே முடியாது.

புதுசா_வந்தவன்:
அண்ணா, பேங்க் போடுறதுக்கு முன்னாடி நாமளே கேஸ் போட்டா? அப்புறம் நாம கட்டின ஜிஎஸ்டி திரும்ப வருமா?

அட்டைப்பெட்டி_சப்ளையர்:
போடலாம் தம்பி, முதல்ல டிமாண்ட் நோட்டீஸ், 10 நாள் பாக்கணும். ஆனா 2020 மார்ச்ல கேஸ் போட கொறஞ்சது எவ்ளோ பாக்கி இருக்கணும்ங்கற லிமிட்ட 1 லட்சத்துலேர்ந்து 1 கோடியா ஏத்திட்டாங்க, சின்ன ஆளுங்களுக்குக் கதவு பாதி சாத்தின மாதிரிதான். சரக்கு தரம் சரியில்லன்னு பாக்கி வச்சவன் முன்னாடியே ஒரு மெயில் போட்டு வச்சிருந்தா அதக் காட்டியே கேஸத் தள்ளிடுவான். ஜிஎஸ்டி போனது போனதுதான், வாராக்கடனுக்கு அதுல சலுகை இல்ல. இன்கம் டாக்ஸ்ல பேட் டெட்னு எழுதிக்கலாம், ஆடிட்டர்கிட்ட க்ளெய்ம் பேப்பரையும் சேத்துக் குடுத்துடு.